குத்துக்கு ஒரு சிலந்தி

இரண்டு வருடமாக நான் பார்த்துவந்த தஞ்சாவூர் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான் இருக்கும். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய சீவல், அதற்கு இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சாயம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களின் கட்டிகளிலிருந்து சீவியவை. மெழுகில் பதித்து, பெட்டியில் அடுக்கி, நான் ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் குளிர் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஊரில் பாதி வருடம் பகல் நாலு மணிக்கே விளக்கைப் போட வேண்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு நான் எண்ணுவேன்.

எதை எண்ணுவேன் என்று எங்கள் அப்பாவுக்குப் புரியவைக்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது. புற்றுக்கட்டிக்குள் உடம்பின் எதிர்ப்பு செல்களும் புகுந்திருக்கும். சாயத்தில் அவை கருநீலப் புள்ளிகளாகத் தெரியும், மாவில் கடுகு சிந்தினாற்போல. சில கட்டிகளில் அப்பிக் கிடக்கும், சிலவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிறைய இருந்தவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் நன்றாக இருக்கிறார்கள் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கும் அது பொருந்துமா என்பதுதான் எங்கள் வேலை. அதற்கு எண்ணினால் மட்டும் போதாது. ஆள் இன்று எப்படி இருக்கிறார் என்றும் தெரிய வேண்டும்.

பெரும்பாலானவர்களைப் போனில் பிடித்துவிட்டோம். மூன்று பேர் மட்டும் கிடைக்கவில்லை. "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் எங்கள் பேராசிரியை. கிளம்பும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். யாருடைய தகட்டில் என்ன கண்டோம் என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. அந்த எண்ணிக்கை நூறு பேரைப் பற்றி ஏதோ சொல்லும், ஒருத்தரைப் பற்றிச் சொல்லாது. நான் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நன்றாகத் தலையாட்டுகிறவன் நான்.

முதல் நாள் குத்தாலம். ஐப்பசி பிறந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கும்பகோணத்தில் இறங்கி இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பை இரண்டாம் கரண்டி கேட்டதும், பரிமாறியவர், "எந்த ஊர்ல இருந்து சார் இவ்வளவு பசியோட வர்றீங்க?" என்றார். விமானம் ஏறி வந்த தூரத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மன்னார்குடி என்றேன். அதுவும் பொய்யில்லை.

குத்தாலத்துக்குப் போகும் வழியில் சாலையின் ஒரு பாதி முழுக்கக் குறுவை நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டதை, வெயில் தலைகாட்டிய நேரத்தில் தார் ரோட்டில் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓரம் ஏறி நின்றுவிட்டது. டிரைவர் ஹார்னை அழுத்த, நெல் துழாவிய பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறிப் போகணும்னா போ, சாயங்காலம் உன் தட்டுக்குத்தான் வரப்போவுது" என்றார். டிரைவர் சிரித்துவிட்டார். அரை மணி நேரம் நின்றோம். நான் இருக்கும் ஊரில் டிராம் மூன்று நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் கோபமும் இல்லை.

நான் தேடிப் போனவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் தகட்டில் எதிர்ப்பு செல்களை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணியது எனக்கு நினைவிருந்தது. அவ்வளவு குறைவு. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஸ்கூட்டர் சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓர் அம்மாள், "யார் வேணும்?" என்றார். அவரேதான்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் தொல்லை தாங்காமல் போன் நம்பரை மாற்றிவிட்டாராம். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நான் இருக்கேனா இல்லையான்னு பார்க்க வந்திருக்கீங்க. அவ்வளவுதானே?"

"அப்படி இல்லைங்க டீச்சர்..."

"அப்படித்தான். இருக்கேன். எழுதிக்குங்க." ஆறு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை, மருந்தெல்லாம் சொன்னபடி முடித்தாயிற்று, வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "என் கட்டியில என்ன தெரிஞ்சுது?"

"சொல்லக் கூடாதுங்க டீச்சர்."

"சொல்லாதீங்க. நானும் முப்பது வருசம், கால் பரீட்சை மார்க்கைப் பார்த்து எவன் எப்படி வருவான்னு சொல்லிப் பார்த்தேன். பாதி தப்பு."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

இரண்டாம் நாள் நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வளர்மதி, வயது நாற்பத்திரண்டு. மற்ற இருவரும் பழைய நோயாளிகள். இவருக்குச் சித்திரையில்தான் அறுவை நடந்தது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொள்கிறார். ஊர்ப்பக்கம் அதை ஊசி என்பார்கள். எட்டில் ஐந்து முடிந்திருந்தது. தகட்டை எண்ணியாயிற்று, ஆனால் ஆய்வுக் கணக்கில் சேர்க்க அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போனும் அறுப்பு எந்திரம் ஓட்டும் கணவரோடு வெளியூர் போயிருந்தது. எத்தனை முறை போட்டும் மணி அடிக்கவில்லை.

சித்தப்பாவின் மொபெட்டை வாங்கிக்கொண்டு போனேன். வாய்க்கால் கரையில் செயின் இரண்டு முறை கழன்றது. இரண்டாம் முறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டி வந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "வண்டிய நீங்க ஓட்டுறீங்களா, வண்டி உங்களை ஓட்டுதா?" என்று விசாரித்தார். வளர்மதி எங்கே என்றதற்கு, "நடவுல இருக்கும்" என்று கையைக் காட்டினார்.

சம்பா நடவு. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் தலைக்குத் துண்டு கட்டி, ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்து ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார். "ராஜாத்தி, ஒன் இடைவெளியில மாட்டு வண்டி போவும்டி. நெருக்கு." அவர்தான் வளர்மதி. அந்தப் பக்கத்தில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். நான் வரப்பில் கால் வைத்ததும் ஒரு பெண் ஓடி வந்து நாற்று முடியை என் காலடியில் வைத்தார். நடவு வயலுக்கு வந்த புது ஆள் ஏதாவது கொடுக்காமல் நாற்றைத் தாண்டக் கூடாது. எங்கள் அம்மாவும் நட்டவள்தான், எனக்குத் தெரியாதா? பையிலிருந்த வெளிநாட்டுச் சாக்லேட் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒருத்தி சேற்றுக் கையோடு பிரித்து வாயில் போட்டு, "கசக்குதே. கெட்டுப் போனதைக் கொண்டாந்திருக்காரு மாப்பிள்ளை" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

"சேத்துல எறங்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க தம்பி. அதான் உக்காந்துக்கிட்டு வாயால நடுறேன்" என்றார் வளர்மதி. பிறகு வழக்கமான கேள்வி. எந்த ஊர், யார் பிள்ளை, எந்தத் தெரு? தெருவைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. நாங்களும் அதே போன்ற தெருதான். எங்கள் தாத்தா பண்ணையில் கூலியாளாக இருந்தவர். அப்பா காலத்தில்தான் சொந்தமாக ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நான்தான் முதலில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன். "அடி, நம்ம புள்ளடி!" என்று வயலைப் பார்த்துக் கத்தினார். "வெளிநாட்டுல படிக்குதாம்!" பன்னிரண்டு தலைகள் நிமிர்ந்தன. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சம்மதப் படிவத்தைப் பார்த்தேன்.

படித்துக் காட்டினேன். எதிர்ப்பு செல்கள் என்ற இடத்தில் நிறுத்தி, "அப்படின்னா?" என்றார். சுற்றிலும் வயல். உவமை கையெட்டும் தூரத்தில் கிடந்தது. "பயிர்ல புகையான் பூச்சி வந்தா சிலந்தி வந்து பிடிச்சுத் தின்னும்ல, அதுமாதிரி அக்கா. புற்று வந்த இடத்துக்கு உடம்பே அனுப்புற காவல்."

அவருக்கு அடுத்த வார்த்தை தேவைப்படவில்லை. வேளாண்மைத் துறைக்காரர்கள் நடத்திய வயல்வெளிப் பள்ளிக்கு ஒரு பருவம் முழுக்கப் போனவராம். வயலில் குறுக்கே நடந்து, கொத்தாக நட்ட பயிரைக் குத்துக் குத்தாகத் தட்டி, எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணி அட்டையில் எழுதியிருக்கிறார். இந்த ஊரில் யார் வயலுக்குப் பூச்சி மருந்து தேவை, யாருக்குத் தேவையில்லை என்று இவரைக் கேட்டுத்தான் அடிக்கிறார்கள். "அப்ப நீங்க பண்றதும் நான் பண்றதும் ஒரே வேலைதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வருடத்தில் என் வேலையை இவ்வளவு சட்டென்று பிடித்துக்கொண்டவர் யாருமில்லை.

"என் கட்டியில சிலந்தி எப்படி இருந்துச்சு?"

அந்தத் தகடு எனக்கு நன்றாக நினைவிருந்தது. கருநீலம் அப்பிக் கிடந்த தகடு. எண்ணி முடித்த பிறகும் நகர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியை சொன்னது மறந்துவிட்டது என்று எழுத மாட்டேன். நினைவிருந்தது. நம்ம பிள்ளை என்று சொன்னவரிடம் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். "நிறைய இருக்குங்கக்கா. எங்க பெட்டியில உங்க அளவுக்கு ரெண்டு மூணு பேருக்குத்தான் இருக்கு."

அவர் தலைத்துண்டின் முனையை இழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் அங்கேயே சாப்பிட்டேன். தூக்கில் சோறு, வயல் நண்டுத் தொக்கு, சுட்ட கருவாடு. நண்டு ஓட்டைக் கடித்து உறிஞ்சத் தெரிகிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள். தெரிந்தது. வெளிநாட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ராஜாத்தி கேட்டார். ரொட்டி என்றேன். "காய்ச்சல்காரன் மாதிரியா?" என்று வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள் பேராவூரணி. நெல் முடிந்து தென்னை தொடங்கியதும் காற்றின் வாசனையே வேறு. பஸ்ஸுக்கு வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. இறங்கிய பயணிகளில் பாதிப் பேர் எதிர்த் தோப்பில் இளநீர் குடிக்கப் போய்விட்டார்கள். கண்டக்டரும்.

அங்கே நான் தேடியவர் இல்லை. சுவரில் படம், அதற்கு மாலை. இரண்டு வருடமாகிறதாம். தேங்காய் மட்டை உரிக்கும் களத்திலிருந்து அவர் கணவர் வந்து, கையைக் கழுவிவிட்டு நாற்காலி போட்டார். இந்தப் பெண்ணின் தகட்டிலும் கருநீலம் அப்பித்தான் கிடந்தது. வளர்மதியுடையதற்கு அடுத்தபடி என்று சொல்லலாம்.

"ரெண்டு ஊசியோட நிறுத்திட்டா. ஆளு நல்லாத்தான் இருந்தா. எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்னா. நானும் சரின்னுட்டேன்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாதுல்ல?" என்றார்.

நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா என்று எனக்குத் தெரியாது. முழுதும் போட்டுக்கொண்டும் போனவர்கள் உண்டு. அதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு இரண்டு தேங்காயைப் பையில் போட்டுக் கொடுத்தார். படிவத்தில் இறந்த மாதத்தை எழுதினேன்.

திரும்பி வரும்போது, நன்னிலத்து வரப்பில் வளர்மதி சொன்ன "அப்ப சரி" ஞாபகம் வந்தது. எதற்குச் சரி? கையெழுத்துக்கு என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவருக்கு ஆறாவது ஊசி. எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வருவார், பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அவர் வரவில்லை. மருந்து ஏற்றும் வார்டில் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வார்டு சிஸ்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த நம்பருக்குப் போட்டார். முதல் முறையாக மணி அடித்தது. எந்த ஊர் வயலிலிருந்தோ வளர்மதியின் கணவர் பேசினார். பின்னால் எந்திரத்தின் சத்தம். சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே ஊசி தேவையில்லைன்னு யாரோ வெளிநாட்டு டாக்டர் நேர்ல வந்து சொல்லிட்டாராம். பக்கத்து வீட்டுப் போன்ல வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காங்க. யாரு சார் அது? உங்களோட வந்தவங்களா?"

"நான்தாங்க சிஸ்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலஞ்சு நாள் தள்ளலாம்னு டாக்டர் சொல்வாரு. அதுக்குள்ள கூட்டிட்டு வாங்க. தள்ளிக்கிட்டே போனா ஊசி போட்டதுக்கே அர்த்தமில்லாமப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு நரம்பு தேடப் போனார்.

அன்று சாயங்காலம் பேராசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். சுருக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறை அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் விடியலிலேயே கிளம்பியும் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. ராத்திரி மழையில் மதகு ஓரம் சாலை உள்வாங்கியிருந்தது. பஸ் அங்கேயே திரும்பிவிட்டது. மீதி மூன்று கிலோமீட்டர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடை. வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

இன்று வேறு வயல், அதே வரிசை. என்னைப் பார்த்ததும் சிரிப்பு தொடங்கிவிட்டது. "அக்கா ஒடம்புல சிலந்தி இருக்குன்னு சொன்ன தம்பிதானே? எனக்கு முட்டி வலிக்குது. உள்ள என்ன இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க." ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். வளர்மதியின் முகத்தில் தெளிவு கூடியிருந்தது. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"நேத்து ஊசிக்குப் போகலையாமே அக்கா."

"எதுக்குத் தம்பி? நீங்கதானே பார்த்துச் சொன்னீங்க?" என்றார் நிதானமாக. "குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா மருந்து அடிக்காதேன்னுதான் எங்களுக்குப் படிச்சுக் குடுத்தாங்க. அடிச்சா மொதல்ல சாவறது சிலந்திதான். அப்புறம் புகையான் கூட்டமா வந்து எறங்கும். அதை நான் கண்ணால பார்த்திருக்கேன். இந்த ஊசியும் நல்லது கெட்டது பார்க்காதுன்னு சிஸ்டரே சொல்லியிருக்காங்க. அதனாலதானே முடி கொட்டுது? நமக்குன்னு இருக்கற காவலை நானே காசு செலவு பண்ணிப் போய்க் கொல்லணுமா?"

அவர் யோசித்ததில் ஓட்டையே இல்லை. பாடத்தைச் சரியாகப் படித்தவர் சரியான முடிவுக்குத்தான் வந்திருந்தார். தப்பு, நான் வரப்பிலிருந்து பொறுக்கிக் கொடுத்த உவமையில் இருந்தது.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் அக்கா" என்றேன். "நீங்க எண்ணுறது வயல்ல நிக்கிற பயிரை. நான் எண்ணுனது வெட்டி எடுத்துட்ட கட்டியை. அது இப்ப உங்க உடம்புல இல்லை. வேற எங்கயாவது துளி மிச்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா, அங்க காவல் இருக்கா இல்லையான்னு நான் பார்க்கலை. பார்க்கவும் முடியாது."

அவர் மணைக்கட்டையை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. அந்தச் செல் நிறைய இருந்தவங்க நல்லா இருக்காங்கன்னு கண்டுபிடிச்சாங்கல்ல, அவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த ஊசியை முழுசாப் போட்டுக்கிட்டவங்க. காவல் இருந்துது, மருந்தும் போட்டாங்க, நல்லா இருந்தாங்க. பாதியில விட்டா என்ன ஆகும்னு என் எண்ணிக்கைக்குத் தெரியாது."

பேராவூரணிக்காரரின் மனைவியைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவர் என்னிடம் சொன்னது அவர் துக்கம். அதை எடுத்து இன்னொருவரைப் பயமுறுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன். அதோடு, அது எதையும் நிரூபிக்கவும் இல்லை.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"சொல்லவே கூடாதுன்னு இருந்ததைச் சொன்னேன் அக்கா. சந்தோஷத்துல மத்ததைச் சொல்லாம விட்டுட்டேன்."

"ஒங்க சந்தோஷத்துக்கு நான் ஒரு ஊசியை விட்டிருக்கேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு இறங்கி அந்தச் சேற்றில் நின்றால் தேவலை போலிருந்தது.

பிறகு அவரே பேசினார். ஊசியை விட்டதற்குச் சிலந்தி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நடவு. ஊசி போட்டால் எட்டு நாள் எழுந்திருக்க முடியாது, சேற்று வாசனை பட்டாலே குமட்டும். இன்னும் பத்து நாள் நடவு பாக்கி இருக்கிறது. "நான் வரப்புல உக்காரலைன்னா இவளுங்களை நம்பி யாரும் வயலைக் குடுக்க மாட்டாங்க. நடவு எந்திரத்தைக் கொண்டாந்து எறக்கிருவாங்க. ஒரு தடவை எறங்குன எந்திரம் மறு வருசமும் வரும். பன்னெண்டு வீடு தம்பி."

ராஜாத்திதான் குனிந்த முதுகை நிமிர்த்தாமலே, நாற்றைச் செருகிக்கொண்டே கேட்டார்:

"ஏங்க்கா, போன வருசம் பள்ளத்து வயல்ல சிலந்தி இல்லாமயா இருந்துச்சு? நீதானே எண்ணுன. வட்டம் வட்டமாக் கருகிப் போவல?"

"அது தண்ணிய வடிக்காம விட்டதால வந்ததுடி."

"எதாலயோ. சிலந்தி பார்த்துக்கும்னு நாம சும்மா இருந்தோம்ல?"

வளர்மதி தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். வரிசையின் கடைசியிலிருந்து இன்னொரு குரல்: "வாயால நடுறதுக்கு ஆளு எதுக்கு? என் போனை வரப்புல வச்சிடறேன். படுத்துக்கிட்டே திட்டட்டும்." பழையபடி சிரிப்பு. "வயக்காரங்ககிட்ட நாங்க பேசிக்கறோம். இம்புட்டு வருசமா நட்ட கை இது, அளவு மாறிடுமா?"

"ஒன் இடைவெளிய மொதல்ல பாரு" என்றார் வளர்மதி. என் பக்கம் திரும்பி, "மிச்சத்தையும் போட்டுட்டா மறுபடி வராதுல்ல தம்பி?" என்றார்.

வராது என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! "தெரியாதுங்கக்கா. வர்றது குறையும். அவ்வளவுதான் தெரியும்."

என்னையே பார்த்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு நீங்க வெளிநாடு போயி படிச்சிருக்க வேண்டாம், இவளுங்களே போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு அந்த சிஸ்டர்கிட்ட கேளுங்க."

ஆறாம் நாள். ராத்திரி நானும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். நடவுப் பெண்களை ஏற்றிப்போகும் சின்ன லோடு வண்டி உள்வாங்கிய மதகைச் சுற்றிக்கொண்டு எங்களைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. வளர்மதியை மட்டும் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். வழி முழுக்கப் பின்னால் திரும்பி, எந்த மூலையிலிருந்து நடவைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி வயலுக்குத் திரும்பியபோது யாரும் கையசைக்கவில்லை. "வாந்தி வந்தா எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு" என்று ராஜாத்தி கத்தினார்.

வார்டில் ரத்தம் பார்த்து, டாக்டர் வந்து, மருந்து ஏறத் தொடங்கப் பகல் ஒன்றாகிவிட்டது. சிஸ்டர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நரம்பைத் தட்டிக்கொண்டே, "நடவு எவ்வளவு முடிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

பேராசிரியையின் பதில் காலையிலேயே வந்திருந்தது. நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, உனக்கும் எனக்கும் பேச வேண்டியது இருக்கிறது, திரும்பி வா. தகட்டு முடிவைத் தெரிந்துகொண்டவரை ஆய்வில் வைத்துக்கொள்ள முடியாது, அந்தப் பெயரை எடுத்துவிடு. எடுத்துவிட்டேன். நாங்கள் எண்ணியவற்றில் மிகச் சிறந்த தகடுகளில் ஒன்று அது.

அவரிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மருந்து ஏறாத கையால் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப நான் ஒங்க கணக்குல இல்லையா?"

"இல்லைங்கக்கா."

"அப்ப இனிமே நான் இருக்கேனா இல்லையான்னு விசாரிச்சுக்கிட்டு வரமாட்டீங்க?"

"வருவேன் அக்கா. கணக்குக்காக இல்லை."

தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு என் போனை வாங்கி, ராஜாத்திக்குப் போட்டு, இடைவெளி என்னாச்சு என்று விசாரித்து, இரண்டு பேரைப் பெயர் சொல்லித் திட்டினார். போனைத் திருப்பித் தரும்போது முகம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"பங்குனியில வாங்க தம்பி" என்றார் கண்ணை மூடியபடி. "உளுந்து புடுங்க ஆள் கூட்டிட்டு நான் வயல்லதான் இருப்பேன்."

தெரியாதுங்கக்கா என்று இந்த முறை சொல்லவில்லை. "பங்குனியில எந்தத் தேதிங்கக்கா?" என்று கேட்டேன்.